பிள்ளையார் சுழிக்கு ஒரு பெட்டி

டீச்சர் இருந்தார், சன்னல் ஓரம் நின்றபடி. பாய் இருந்தார், மின்சாமான் கடைக்காரர், முன் வரிசையில். அக்கா இருந்தார், பள்ளிக்கூட கேன்டீனில் வேலை, பாய்க்கு அடுத்த மேஜை. நான் இருந்தேன், கதவுப் பக்கம், காலை நீட்டிக்கொள்ள இடம் பார்த்து. அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல் மாடி. கீழே ஞாயிற்றுக் கூட்டம். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் சத்தம். டீச்சர் சாத்தியே வைப்பார். வகுப்பு சி மொழி. கணினிக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் மொழிகளில் பழையது. தமிழில் விளக்கிச் சொல்வார்கள் என்று போட்டிருந்ததால் அங்கே சேர்ந்தேன்.

எதற்குச் சேர்ந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலிக்காக.

நான் வேலை செய்வது பார்சல் கிடங்கில். பெல்ட்டில் பெட்டிகள் வரும். மேலே ஒரு கேமரா லேபிளைப் படிக்கும். படிக்க முடிந்தால் பெட்டி தன் வழியில் போகும். படிக்க முடியாவிட்டால் ஒரு இயந்திரக் கை வந்து பக்கவாட்டில் தள்ளும். தள்ளிய பெட்டியைத் தூக்கி, பார்த்து, சரியான இடத்தில் வைப்பது என் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு. வலது முழங்கால் போய்விட்டது. டாக்டர் நிற்காதே என்றார். நிற்காமல் எப்படிச் சம்பளம் வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

அப்போதுதான் மேல்மாடியில் லேபிள் சோதிக்கும் அறை வரப்போகிறது என்று சூப்பர்வைசர் சொன்னார். மலாய்க்காரர். எங்கள் பெல்ட்டிலிருந்து ஒருவருக்கு இடம் உண்டு. உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆனால் சி மொழியில் ஆரம்பப் பாடம் முடித்துத் தேர்வில் தேற வேண்டும். ஒரு தடவைக்கு கம்பெனி காசு கட்டும். தவறினால் அந்த இடம் வெளியாளுக்கு.

"போலே?" என்றார். முடியுமா என்கிறார்.

"போலே," என்றேன்.

என் முழங்காலைப் பார்த்தார். பிறகு என் பெயரை எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். ஆங் மோ கியோவில் எங்கள் வீடு. மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆறாங் கிளாசோட நின்ன ஆளு கம்ப்யூட்டர் படிக்கப் போறீங்களா? டிவி சேனலே மாத்தத் தெரியாது உங்களுக்கு."

"தெரியும். மாத்துறதில்ல."

"ஏன்?"

"நீ பாத்துக்கிட்டு இருக்கே."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் என் பழைய கண்ணாடியைக் கொண்டுபோய்ப் புது லென்ஸ் போட்டு வந்தாள்.

வகுப்பில் முதலில் கஷ்டமாக இருந்தது. அரைப்புள்ளி விட்டால் ஓடாது. அடைப்புக்குறி மூடாவிட்டால் ஓடாது. அது பரவாயில்லை. கிடங்கிலும் லேபிள் ஓரம் கிழிந்திருந்தால் பெட்டி போகாது. பழகிக்கொண்டேன். எழுத்துகளைச் சோதிக்கும் பாடம் வந்தபோது எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. அது என் வேலை.

டீச்சர் இப்படிச் சொன்னார். கணினிக்கு ஒரு வரி என்பது வரி இல்லை. ஒவ்வொரு எழுத்தாக வரும். ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேட்கலாம். நீ ஆங்கில எழுத்தா? அதற்கு isalpha. நீ இலக்கமா? அதற்கு isdigit. நீ குறியா? புள்ளி, கோடு, கூட்டல் மாதிரி. அதற்கு ispunct. நீ வெற்று இடமா? அதற்கு isspace. வரி முடிவதும் வெற்று இடக் கணக்கில்தான் சேரும். ஆம் என்றால் பூஜ்யம் இல்லாத ஏதோ ஒரு எண் வரும். இல்லை என்றால் பூஜ்யம்.

"இவ்வளவுதானா?" என்று பாய் கேட்டார்.

"இவ்வளவுதான் பாய்."

"இதுக்கா என் மகன் ராத்திரி பகலா கத்துறான் வீட்டுல? புரியல புரியலன்னு?"

பாய் வகுப்புக்கு வந்த காரணம் அதுதான். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகன் வீட்டில் என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள வந்தார். அக்காவுக்கு வேறு காரணம். மத்திய சமையல் கூடத்தில் தட்டுகளுக்கு லேபிள் ஒட்டும் இயந்திரம் வருகிறதாம். அந்த வேலைக்கு மாறிக்கொள்ளப் பார்த்தார். டீச்சருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். வகுப்பில் எங்களைப் போலவே பேசுவார். ஆச்சரியப்பட்டால் மட்டும் "ஓமோ?" என்று வீட்டுப் பேச்சு வெளியே வரும்.

அந்த ஞாயிறு டீச்சர் ஐந்து லேபிள் கொடுத்தார். எல்லாம் ஒரே அமைப்பு. இரண்டு எழுத்து, ஒரு கோடு, நான்கு இலக்கம். ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு அதைப் படித்து, எழுத்து எத்தனை, இலக்கம் எத்தனை, குறி எத்தனை, வெற்று இடம் எத்தனை, மொத்தம் எத்தனை என்று சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும். விடை அவரிடம் இருந்தது. எழுத்து பத்து, இலக்கம் இருபது, குறி ஐந்து, வெற்று இடம் ஐந்து, மொத்தம் நாற்பது.

எழுதினோம். ஓட்டினோம். மூன்று பேருக்கும் தப்பு.

டீச்சர் பாயின் திரையைப் பார்த்தார். இலக்கம் இருபத்து மூன்று. அக்காவின் திரை. குறி ஆறு. என்னுடையது இன்னும் மோசம். எழுத்து சரி, இலக்கம் சரி, குறி சரி. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தத்துக்குச் சமமாக வரவில்லை. மூன்று குறைந்தது. அந்த மூன்றும் எதிலும் சேராமல் எங்கோ போயிருந்தன.

டீச்சர் புரோகிராமை வரி வரியாகப் படித்தார். மூன்று பேருடையதும் சரிதான் என்றார். தலையைச் சொறிந்தார். திரும்ப வந்து எண்களையே பார்த்தார்.

"மூணு பேருக்கும் வெற்று இடம் ஆறு வருது. அஞ்சு வரணும். அப்போ மூணு பேர் கோப்புலயும் ஒரு வரி கூட இருக்கு." எங்களைப் பார்த்தார். "மேல என்ன போட்டீங்க?"

பாய்தான் முதலில் வாய் திறந்தார்.

"வழக்கமாப் போடுறதுதான் டீச்சர். 786."

"எதுல?"

"முதல் வரில. கடையில பில்லு எழுதுனாலும் மேல போட்டுட்டுத்தானே எழுதுவேன்? புதுசா ஒண்ணு தொடங்குறோம். போட்டேன்."

டீச்சர் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா கையைப் பிசைந்தார்.

"நான் சிலுவை போட்டேன் டீச்சர். சிலுவை கீபோர்டுல இல்ல. அதனால கூட்டல் குறி."

பிறகு என் பக்கம். நான் திரையைக் காட்டினேன். முதல் வரியில் உ. எங்கள் வகுப்புக் கணினிகளில் தமிழ்த் தட்டச்சு உண்டு, டீச்சர் குறிப்புகள் தமிழில் கொடுப்பதால். மாற்றுவது ஒரு விசை. உ போட்டுவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வந்து லேபிள் அடித்திருந்தேன்.

"ஓமோ?" என்றார் டீச்சர்.

பிறகு உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். கீழே நகைக்கடைக்காரர் கேட்டிருப்பார்.

பாய் என் திரைக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே இது. என்னுது மூணும் இலக்கம்னு ஏத்துக்கிச்சு. அக்காவுது குறின்னு ஏத்துக்கிச்சு. உங்க பிள்ளையாரை மட்டும் எதுலயும் சேக்கல?"

"புது ஆளு போல."

"பாஸ்போர்ட் இல்ல லா."

"கொஞ்சம் பொறுங்க பாய். வாங்கிடுவாரு."

டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். தமிழ் எழுத்தைக் கணினி ஒன்றாக வைப்பதில்லை. உ ஒரே எழுத்துதான். உள்ளே மூன்று துண்டாக இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு எண். நாங்கள் எழுதிய புரோகிராம் துண்டு துண்டாகத்தான் எடுத்துக் கேட்கிறது. நீ எழுத்தா? இல்லை. இலக்கமா? இல்லை. குறியா? இல்லை. வெற்று இடமா? இல்லை. நான்கு கேள்விக்கும் இல்லை என்றால் அது எங்கும் சேராது. அந்த மூன்று எண்களைப் பலகையில் எழுதினார். 224, 174, 137.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து எழுதுகிறேன். உள்ளே இப்படி இருக்கும் என்று தெரியாது.

"தேர்வுல இதெல்லாம் போடாதீங்க," என்றார் டீச்சர். "கொடுத்த லேபிளை மட்டும் அடிக்கணும். எண்ணிக்கை ஒத்துப்போகணும். போட்டே ஆகணும்னா புரோகிராம்ல குறிப்புரைக்குள்ள போடுங்க. குறிப்புரையை கணினி படிக்காது."

"படிக்காத இடத்துல போட்டு என்ன டீச்சர்?" என்றேன்.

"பிள்ளையார் படிப்பாரு அண்ணே," என்றார் அக்கா.

நான் பக்தன் இல்லை. கோயிலுக்குப் போவேன், வருவேன். சுழி போடுவது சாமி பயத்தால் இல்லை. கல்யாணப் பத்திரிகை, வீவக அரசாங்க வீட்டுக்கு மனு, மளிகைச் சீட்டு, எதிலும் போட்டுத்தான் பழக்கம். போடாவிட்டால் தொடங்கின மாதிரி இல்லை. அவ்வளவுதான்.

அந்த வாரம் கிடங்கில் ஒரு பெட்டி வந்தது. தேக்காவில் ஏதோ மளிகைக் கடைக்குப் போகும் பெட்டி. லேபிள் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. அனுப்பியவர் அதன் மேலேயே பேனாவால் "அப்பளம், மெதுவாக" என்று தமிழில் எழுதியிருந்தார். கேமரா பார்த்தது. தள்ளியது. நான் தூக்கினேன். கனம் இல்லை. பொறுமையாக வைத்தேன்.

வைத்துவிட்டு யோசித்தேன். இந்தப் பெட்டி எந்தக் கணக்கில் வருகிறது? போன பெட்டிகள் இத்தனை என்று திரையில் ஓடுகிறது. தள்ளிய பெட்டிகளை யாரும் எண்ணவில்லை. அது என் முழங்காலுக்கு மட்டும் தெரியும். பெல்ட்டுக்குத் தெரியாததெல்லாம் என்னிடம் வருகிறது. நான் ஒருவன் இங்கே நிற்பதால் கிடங்கு ஓடுகிறது. என் புரோகிராமில் அப்படி நிற்பதற்கு ஆள் இல்லை.

அடுத்த ஞாயிறு போய் ஒரு ஆளை நிறுத்தினேன். நான்கு கேள்விகளுக்குப் பிறகு else என்று ஒரு வரி. எதுவும் இல்லையென்றால் இங்கே வா. பெயர், மற்றவை. ஐந்தாவது பெட்டி. ஓட்டிப் பார்த்தேன். மற்றவை 3. எல்லாவற்றையும் கூட்டினேன். மொத்தத்துக்குச் சமம்.

டீச்சர் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா கேள்வியில நாலுதான் கேப்பாங்க."

"அஞ்சு இருந்தா மார்க் குறைப்பாங்களா?"

"குறைக்க மாட்டாங்க. ஆனா அந்த முதல் வரி..." என்று என்னைப் பார்த்தார்.

நான் கோப்பைச் சேமித்து மூடினேன்.

தேர்வு அதே மாடியில்தான். அதே கணினிகள். சோதிக்க வந்தவர் ஒரு சீனப் பெண்மணி. குட்டை முடி, கையில் அட்டை, அதில் மதிப்பெண் தாள். ஆங்கிலத்தில் பேசினார். எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். டீச்சர் பின்சுவர் ஓரம் நின்றார், பேசக் கூடாது என்று உத்தரவு.

பாய் கேள்வித்தாளின் மூலையில் பேனாவால் 786 எழுதிக்கொண்டார். கணினியில் போடவில்லை. அக்கா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்குக் கீபோர்டே தேவைப்படவில்லை. இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கோப்பைத் திறந்தேன். விசையை மாற்றினேன். உ.

அது தெரியாமல் நடந்தது இல்லை. தெரிந்துதான் போட்டேன். அழிக்க ஒரு விசை போதும். அழித்தால் அன்றைக்கு நான் தொடங்கவில்லை. அதோடு ஐந்தாவது பெட்டி இருக்கிறது. கணக்கு உதைக்காது. பயம் வரவில்லை. லேபிள்களை அடித்தேன். புரோகிராமை எழுதினேன். ஒரே ஒரு அரைப்புள்ளி விட்டேன், கணினி கத்தியது, போட்டேன். ஓடியது.

அந்த அம்மா முதலில் பாயிடம் போனார். எண்களைத் தாளோடு ஒப்பிட்டார். சரி. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இது சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"விரல் விட்டு எண்ணினேன் மேடம்," என்றார் பாய்.

டிக் விழுந்தது. அக்காவிடமும் அதே கேள்வி. அவர் வழக்கம் அது போலிருக்கிறது. யாரையும் எண்ணை மட்டும் காட்டிவிட்டுப் போக விடமாட்டார். அக்காவுக்கும் டிக்.

என்னிடம் வந்தார். திரையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி திரை.

"அங்கிள், இந்த மூணு என்ன?"

"மற்றவை மேடம். நாலுலயும் சேராதது."

"லேபிள்ல அப்படி ஒண்ணும் இல்லையே. வெற்று இடமும் ஒண்ணு கூட இருக்கு." கோப்பைத் திறக்கச் சொன்னார். முதல் வரியைப் பார்த்தார். "இது என்ன? வைரஸா?"

பாய் இருமினார்.

"எங்க வழக்கம் மேடம். எதையும் தொடங்கும்போது மேல போடுவோம்."

"தாள்ல இருக்கிறதை மட்டும்தான் அடிக்கணும் அங்கிள். கூட ஒண்ணு அடிச்சா நான் ஃபெயில் போடணும் லா." கோபமாகச் சொல்லவில்லை. விதியைச் சொன்னார். பேனா கட்டத்துக்கு மேல் நின்றது. "எடுத்துட்டு ஓட்டுங்க. இன்னும் நேரம் இருக்கு."

எனக்கு நாற்காலி வேண்டும். அந்த அம்மா சொன்னது நியாயம். எடுத்தேன். பின்சுவர் ஓரம் டீச்சர் மூச்சு விடுவது கேட்டது. ஓட்டினேன். எல்லா எண்ணும் தாளோடு ஒத்துப்போனது. கடைசி வரி, மற்றவை 0.

பேனாவை இறக்கினார். இறக்கிய பேனா மறுபடி நின்றது. அவர் வழக்கம் அவரை விடவில்லை.

"சரி அங்கிள். இந்த ஜீரோ. நிஜமாவே ஒண்ணும் இல்லையா? இல்ல உங்க புரோகிராம் எண்ணவே இல்லையா? ரெண்டுக்கும் ஜீரோதானே வரும். எப்படித் தெரியும்?"

நான் கீபோர்டைக் கிட்டே இழுத்தேன்.

"திரும்பப் போடட்டுமா மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். கோப்பைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. உதட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போடுங்க."

போட்டேன். ஓட்டினேன். மற்றவை 3. எடுத்தேன். ஓட்டினேன். மற்றவை 0. அவர் கேட்காமலேயே மறுபடி ஒருமுறை போட்டுக் காட்டினேன்.

"போதும் போதும் அங்கிள்." சிரித்துவிட்டார். டிக் போட்டார். பிறகு தாளின் ஓரத்தில் ஏதோ வரைந்தார். எட்டிப் பார்த்தேன். உ போட முயன்றிருந்தார். வால் எதிர்ப்பக்கம் போயிருந்தது. சொல்லவில்லை.

கீழே இறங்கித் தேத்தண்ணி குடித்தோம். பாய் தனக்குச் சர்க்கரை இல்லாமல் தே ஓ கொசோங் சொன்னார், எனக்கும் அதையே சொன்னார், கேட்காமல்.

"ஒரு சொல் கேக்க மாட்டீங்களா அண்ணே?" என்றார் டீச்சர். "எனக்கு அங்க உயிரே போச்சு."

"எடுக்கச் சொன்னாங்க. எடுத்தேனே டீச்சர்."

"அதுக்கு முன்னால நான் சொன்னேன்."

"நீங்க டீச்சர். அவங்க பேனா வச்சிருந்தாங்க."

பாய் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அக்கா, "அப்போ பிள்ளையாருக்குப் பாஸ்போர்ட் கெடச்சிருச்சா பாய்?" என்று கேட்டார். "வொர்க் பெர்மிட்தான்," என்றார் பாய். "மூணு துண்டாப் போய் வரிசையில நின்னு வாங்கியிருக்காரு."

நாற்காலி நீலத் துணி. சக்கரம் உண்டு. ஒரு கைப்பிடியில் தையல் பிரிந்திருந்தது. முதல் நாள் காலை உட்கார்ந்தேன். முழங்காலை மடக்கினேன். நீட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கீழே பெல்ட் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

சூப்பர்வைசர் வந்தார். மேஜை மேல் கை வைத்து நின்றபடி வேலையைச் சொன்னார். தினமும் பெல்ட் ஓடுவதற்கு முன் ஒரு சோதனைக் கோப்பை ஓட்ட வேண்டும். அதில் நல்ல லேபிள் இருக்க வேண்டும். இயந்திரத்துக்குத் தெரியாத ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும். அது அகப்பட்டால்தான் சோதனை விழித்திருக்கிறது என்று அர்த்தம். அகப்படாவிட்டால் பெல்ட்டைத் திறக்கக் கூடாது.

"தெரியாதது ஒண்ணு நீங்களே போட்டுக்குங்க. தினமும் ஒரே மாதிரி இருக்கணும். மாத்தக் கூடாது. போலே?"

"போலே," என்றேன்.

அவர் போனார். தமிழ்த் தட்டச்சு அந்தக் கணினியில் இல்லை. என் போனில் அடித்து, எனக்கே மின்னஞ்சல் அனுப்பி, அதிலிருந்து எடுத்துக் கோப்பின் முதல் வரியில் ஒட்டினேன். கீழே நல்ல லேபிள்களை அடித்தேன். அங்கிருந்த சோதனைப் புரோகிராமிலும் கடைசியில் மற்றவை என்று ஒரு பெட்டி இருந்தது.

இப்போதும் அதே கோப்புதான். காலையில் வந்து உட்காருவேன், ஓட்டுவேன், கடைசி வரியைப் பார்ப்பேன். அந்த எண் வந்தால் கீழே கையைக் காட்டுவேன், பெல்ட் ஓடும். ஒருநாள் நான் லீவு. பதிலுக்கு உட்கார்ந்த பையன் போன் செய்தான்.

"அங்கிள், மற்றவைன்னு வருது. எவ்வளவு வந்தா பெல்ட்டைத் திறக்கலாம்?"

சொன்னேன்.

3.